காய்கறித் தலை ஓவியர் ஆர்ச்சிம்போல்தோ: வாஷிங்டன் கண்காட்சிக்குப் போனவர்கள் யாராவது உண்டா?

மேரிலாண்ட் முருகு | 10 அக்டோபர் 2010, இரவு 9.42

நேற்று வீட்டோடு கிளம்பி வாஷிங்டன் நேஷனல் கேலரிக்குப் போனோம். ஆர்ச்சிம்போல்தோ என்ற மிலான் நகரத்து ஓவியரின் கண்காட்சி அங்கே செப்டம்பர் 19இல் தொடங்கியிருக்கிறது. ஜனவரி 9 வரை நடக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

பெயர் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பழமும் காய்கறியும் அடுக்கிச் செய்த மனிதத் தலை. காலண்டரில் வரும், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தில் வரும். யாரோ இந்தக் காலத்து விளம்பரக்காரர் கைவேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பார்த்தால் ஆள் 1526இல் பிறந்து 1593இல் செத்துப்போனவர். நம் அக்பர் உயிரோடு இருந்த காலம்!

மொத்தம் பதினாறு தலைகள். வியன்னா, மாட்ரிட், ஸ்டாக்ஹோம் என்று பல ஊர்களிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். ஒரு அடி தூரத்தில் நின்றால் வெள்ளரிக்காய், பீச், பட்டாணி. நாலடி பின்னால் வந்தால் ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறதா என்று முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். முடியவில்லை. ஒன்று தெரிந்தால் மற்றது ஓடிப்போகிறது.

‘சமையல்காரர்’ என்று ஒரு படம். தட்டில் சுட்ட பன்றிக்குட்டியும் கோழியும், மேலே மூடியைத் தூக்கும் இரண்டு கைகள். அவ்வளவுதான் என்று நகரப் போனால், தலைகீழாகப் பார்க்கச் சொன்னார்கள். என் மகள் (எட்டு வயது) அங்கேயே குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தாள். கூந்தல் தரையைக் கூட்டுகிறது. காவலர் வந்தார், திட்டப்போகிறார் என்று நினைத்தேன், சிரித்துவிட்டுப் போனார். தலைகீழாக்கினால் தட்டு தொப்பியாகிவிடுகிறது, அடியில் ஒரு முரட்டு ஆள் முறைக்கிறான்.

குழந்தைக்காகத்தான் கூட்டிப்போனேன். ஆனால் இரண்டு நாளாக எனக்குத்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் வெறும் விளையாட்டா, இல்லை உள்ளே ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கரிசல்காட்டான் | 10 அக்டோபர், இரவு 10.15

பார்க்கிங் கிடைத்ததா? அடுத்த வாரம் வரலாம் என்று இருக்கிறோம்.

மேரிலாண்ட் முருகு | 10 அக்டோபர், இரவு 10.21

அதைக் கேட்காதீர்கள். மெட்ரோவில் வாருங்கள்.

நக்கீரன் பேரன் | 11 அக்டோபர், காலை 7.03

முருகு, விளையாட்டுதான். ஒரு தடவை பார்த்தால் ‘அட’ என்போம். இரண்டாவது படத்தில் ‘ஓஹோ’. பதினாறாவதில் கொட்டாவி. எங்கள் தெருவில் வருஷா வருஷம் காய்கறிப் பிள்ளையார் செய்கிறோம், அதற்கு யாரும் கண்காட்சி வைக்கவில்லை.

இன்னொன்று. ஆள் செத்து முந்நூறு வருஷம் யாரும் இவரைச் சீந்தவில்லை. 1936இல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் சர்ரியலிஸ்டுகளை (கனவில் வருவது போல விசித்திரமாக வரைந்த கோஷ்டி) காட்டியபோது, அவர்களுக்குப் பாட்டன் வேண்டுமே என்று இவரைத் தேடிப்பிடித்து உட்கார வைத்தார்கள். நல்ல சரக்காக இருந்தால் நடுவில் ஏன் மறந்தார்கள்?

விதைநெல் | 11 அக்டோபர், காலை 11.30

நான் வேளாண்மை படித்தவன், ஓவியம் தெரியாது. முருகு பதிவைப் பார்த்ததும் ‘கோடை’ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், காலை வேலை போச்சு.

மூக்கு வெள்ளரி. கன்னம் பீச். உதடு செர்ரி. பல் இருக்கிறதே, அது பிளந்த பட்டாணிக் காய். சட்டை முழுக்க வைக்கோல் பின்னல், மார்பில் பூ குத்துவது போல ஒரு ஆர்டிசோக் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் எனக்குப் பிடிபட்டது காது. அது மக்காச்சோளக் கதிர். படம் வரைந்த வருஷம் 1563. கொலம்பஸ் போய் எழுபது வருஷம்தான் ஆகியிருக்கிறது. அன்றைக்கு இவர் அரசவை ஓவியராக இருந்த வியன்னாவில் மக்காச்சோளம் என்றால் பக்கத்து வயலில் விளைவது இல்லை, ராஜா வீட்டுத் தோட்டத்து அதிசயம். கூடவே கத்தரிக்காயும் இருக்கிறது. அது நம் பக்கத்துச் சரக்கு, அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போனது. ஒரு காதில் அமெரிக்கா, கொஞ்சம் தள்ளி ஆசியா. காய்கறிப் பிள்ளையாரில் சந்தையில் கிடைப்பதைத்தான் குத்துவோம். இது சந்தைக் கூடை இல்லை, நக்கீரன்.

அங்கே பேரரசர் மாக்சிமிலியன் அரசவையில் மருத்துவராக இருந்தவர் மத்தியோலி. மூலிகைகள் பற்றிப் பெரிய புத்தகம் போட்டவர், எங்கள் பாடத்திலேயே பெயர் வரும். 1573இல் க்ளூசியஸ் என்ற தாவர ஆராய்ச்சியாளர் வியன்னாவுக்கு வந்து அரசரின் தாவரத் தோட்டத்தைக் கவனித்தார். அப்படிப்பட்ட ஆட்கள் நடமாடுகிற இடத்தில் இலையைத் தப்பாக வரைந்தால் மறுநாளே மானம் போயிருக்கும்.

வன்னி மகள் | 11 அக்டோபர், மாலை 4.48

நான் ரொறன்ரோவிலை இருக்கிறன். இரண்டு வருசத்துக்கு முதல் வியன்னாவிலை இவற்றை ‘தண்ணீர்’ படத்தை நேரிலை பாத்தனான். எனக்கு முதல்லை முகமே தெரியேல்லை, மீன் சந்தைதான் தெரிஞ்சது. திருக்கை, நண்டு, இறால், ஆமை, கடல்நாய் எல்லாம் ஒண்டுக்கு மேலை ஒண்டு. அறுபதுக்கு மேலை உயிரினம் எண்டு சொல்லுகினம். அதுக்குள்ளை ஒரு முத்துமாலை. அந்த மாலைதான் ‘இது கழுத்து’ எண்டு காட்டினது. பிறகுதான் காதிலை முத்துத்தோடு கண்டன், பிறகு கண். ஒரு பொம்பிளை எண்டு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. விளங்கினாப் பிறகு கொஞ்சம் பயமாக் கிடந்தது, உண்மையா. ஈரமான முகம். நக்கீரன் அண்ணை சொல்ற மாதிரி ‘அட’ எண்டு சிரிக்கிற படம் இல்லை அது.

நக்கீரன் பேரன் | 11 அக்டோபர், இரவு 8.10

தங்கச்சி, அதே படத்தை நானும் இப்போது திரையில் வைத்திருக்கிறேன். கடல்நாயும் நண்டும் ஒரே அளவு! இதை விஞ்ஞானம் என்று விதைநெல் சொல்கிறார். எந்தக் கடலில் ஐயா கடல்நாய் நண்டு அளவு இருக்கிறது?

விதைநெல் | 11 அக்டோபர், இரவு 8.34

அளவில்தான் பொய். நண்டை நண்டாகவும் கடல்நாயைக் கடல்நாயாகவும்தான் வரைந்திருக்கிறார். எங்கள் பாடப்புத்தகப் படத்திலும் வெட்டுக்கிளியும் மாடும் ஒரே அளவுதான்.

டிராயிங் மாஸ்டர் | 12 அக்டோபர், காலை 6.20

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். காய்கறிப் பிள்ளையார் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

காய்கறிப் பிள்ளையாரில் சுரைக்காயைத் துதிக்கையாக வைத்தால் வேலை முடிந்தது. வெயில் தானே விழும், நிழல் தானே வரும். படத்தில் அப்படி இல்லை. வெள்ளரிக்காய்க்கு என்று ஒரு வெளிச்சம், ஒரு நிழல் போட வேண்டும், அப்போதுதான் அது வெள்ளரிக்காய். அதே வெளிச்சம் மூக்கின் மேலும் விழ வேண்டும், அதே நிழல் மூக்கின் ஓரத்திலும் சரிய வேண்டும், அப்போதுதான் அது மூக்கு. காய்க்குக் கொஞ்சம் அதிகமாக நிழல் போட்டால் முகம் கெடும். முகத்தைப் பார்த்து வெளிச்சத்தை இழுத்தால் காய் செத்துப்போகும். முருகு முன்னும் பின்னும் நடந்தாரே, ஓவியரும் அந்த நடையை எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பார் என்று யோசியுங்கள். தூரிகை நீளம் எவ்வளவு? கை நீளம் எவ்வளவு? முகம் தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டு வரைய முடியாது. பக்கத்தில் போனால் முகம் காணாமல் போகும்.

‘சமையல்காரர்’ இதைவிடக் கடினம். தலைகீழாக்கினால் வெளிச்சமும் கூடவே தலைகீழாகும். மேலிருந்து விழுந்தது கீழிருந்து வரும். அப்போதும் முகம் முகமாக நிற்க வேண்டும். என் மாணவர்களுக்கு ஒருமுறை இதைப் பயிற்சியாகக் கொடுத்தேன். நாற்பது பேரில் ஒருவனுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். இவர் தொழில் கற்றது கண்ணாடியில். அப்பா பியாஜியோ மிலான் பேராலயத்துக்கு வேலை செய்த ஓவியர். மகனும் 1549இலிருந்து அங்கேயே வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்கு வடிவம் வரைந்து கொடுத்தார். வண்ணக் கண்ணாடி வேலை என்றால் என்ன? துண்டு துண்டாக வெட்டி, ஈயத்தில் கோத்து, தூரத்திலிருந்து பார்த்தால் புனிதர் தெரிய வேண்டும். பக்கத்தில் போனால் சிவப்புத் துண்டு, நீலத் துண்டு. பதின்மூன்று வருஷம் அந்த வேலை செய்த கை அது. ஆகாயத்திலிருந்து குதித்த யோசனை இல்லை.

லியோனார்டோவும் அதே மிலானில் இருந்து கோணல் முகங்களாக வரைந்து தள்ளியவர். அந்தத் தாள்கள் அந்த ஊர் ஓவியர்கள் கையில் புழங்கின. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேரிலாண்ட் முருகு | 12 அக்டோபர், காலை 8.02

மாஸ்டர், ‘அதை அவர்களிடம் சொல்லவில்லை’க்கு ஒரு கும்பிடு.

நக்கீரன் பேரன் | 12 அக்டோபர், காலை 8.45

கைத்திறன் இல்லை என்று நான் சொல்லவே இல்லையே ஐயா. அரிசியில் திருக்குறள் எழுதுகிறவருக்கும் கைத்திறன் இருக்கிறது. என்னத்தைச் சொல்கிறார் என்பதுதான் கேள்வி.

ஏட்டுச்சுரைக்காய் | 12 அக்டோபர், இரவு 11.17

பெயருக்கேற்ற இழை கிடைத்துவிட்டது, நீளமாகத்தான் எழுதுவேன்.

1562இல் இவர் மிலானை விட்டு வியன்னா போகிறார், ஹாப்ஸ்பர்க் என்ற அரச வம்சத்தின் அரசவை ஓவியராக. மூன்று பேரரசர்களிடம் வேலை: முதலாம் ஃபெர்டினாண்ட், இரண்டாம் மாக்சிமிலியன், இரண்டாம் ருடால்ஃப். 1587இல்தான் நிரந்தரமாக ஊர் திரும்பினார். இருபத்தைந்து வருஷம். அரச குடும்பத்தை ஒழுங்காக வரைவது, விழாக்களுக்கு உடையும் ஊர்வலமும் வடிவமைப்பது, அரிய விலங்குகளைப் பார்த்து வரைவது எல்லாம் அவர் வேலை. உடை வடிவங்கள் மட்டும் ஒரு தொகுப்பாக 1585இல் ருடால்ஃபுக்குச் சமர்ப்பித்தது இப்போது ஃப்ளாரன்ஸில் இருக்கிறது. பொலோன்யாவில் இருந்த இயற்கை ஆராய்ச்சியாளர் அல்துரோவாந்திக்கு இவர் வரைந்த விலங்குப் படங்கள் போயிருக்கின்றன. விதைநெல் சொன்னது சரி.

இனி தலைகள். பருவங்கள் நான்கு, 1563. பூதங்கள் நான்கு, 1566. (நமக்கு ஐந்து, அவர்களுக்கு ஆகாயம் கணக்கில் கிடையாது.) எட்டும் தனித்தனிப் படங்கள் இல்லை. பக்கவாட்டு முகங்களாக வரைந்ததே ஒன்றுக்கொன்று எதிரே மாட்டத்தான். வசந்தம் காற்றைப் பார்க்கிறது, கோடை நெருப்பைப் பார்க்கிறது, இலையுதிர்காலம் மண்ணை, குளிர்காலம் தண்ணீரை. 1569 புத்தாண்டுக்கு மாக்சிமிலியனுக்கு இந்த எட்டையும் கொடுத்தபோது கூடவே ஃபோந்தேயோ என்ற புலவர் பாட்டும் எழுதிக் கொடுத்தார். பாட்டின் சாரம்: இத்தனை உயிர்களும் அடித்துக்கொள்ளாமல் ஒரு தலையில் அடங்குவது போல, இத்தனை நாடுகளும் உங்கள் குடையின் கீழ் அடங்கும்.

‘நெருப்பு’ படத்தைப் பாருங்கள். தலைமயிர் எரிகிற விறகு. மெழுகுவத்தி இருக்கிறது, சிக்கிமுக்கி இருக்கிறது, கீழே வந்தால் உடம்பு முழுக்கப் பீரங்கியும் துப்பாக்கியும். மார்பில் தங்க ஆட்டுத்தோல் விருதுச் சங்கிலி, அது ஹாப்ஸ்பர்க் வீட்டுச் சின்னம். துருக்கிய சுல்தான் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டிருந்த காலத்தில் பேரரசரிடம் போய்ப் பீரங்கியால் ஆன முகத்தைக் கொடுத்தால் அது வேடிக்கை மட்டுமா?

1571இல் வியன்னாவில் அரச குடும்பத்துக் கல்யாணம். அதில் பருவமும் பூதமுமாக வேடம் கட்டி ஊர்வலம் போனார்கள், ஏற்பாட்டில் நம் ஆளுக்கும் பங்கு. பேரரசர் கட்டிய வேடம் குளிர்காலம். கிழட்டு மரக்கட்டை மூஞ்சியாயிற்றே, ஏன் அதை எடுத்தார் என்று தோன்றும். ரோமானியக் கணக்கில் ஆண்டு தொடங்குவது குளிர்காலத்தில், ஆகவே அது ஆண்டின் தலை. தலைமைக்கு அந்தத் தலை. அந்த மரக்கட்டையின் கழுத்தோரம் ஒரு கிளையில் எலுமிச்சையும் ஆரஞ்சும் தொங்குவதைக் கவனியுங்கள்.

கடைசியாக ‘வெர்டும்னஸ்’. 1587க்குப் பிறகு மிலானுக்குத் திரும்பி, 1590 வாக்கில் வரைந்து, பேரரசர் இருந்த ப்ராகுக்கு அனுப்பியது. வெர்டும்னஸ் ரோமானியரின் பருவ மாற்றத் தெய்வம். மூக்கு பேரிக்காய், கன்னம் ஆப்பிள், கண்ணிமை பட்டாணிக் காய், நெற்றி பூசணி வகை. அது யார்? பேரரசர் ருடால்ஃப். உலகத்தில் எந்த மன்னன் ஓவியனைக் கூப்பிட்டு ‘என்னைக் காய்கறியாக வரை’ என்பான்? என்றாலும் ருடால்ஃபுக்குக் கோபம் வரவில்லை, 1592இல் பிரபு பட்டமே கொடுத்தார். எல்லாப் பருவத்துப் பழமும் ஒரே சமயத்தில் விளைந்து நிற்கிற முகம், அதாவது இவர் ஆட்சியில் பஞ்சமே இல்லை, என்றும் வசந்தம். அதை அவர் சரியாகவே புரிந்துகொண்டார்.

நக்கீரன் பேரன் | 13 அக்டோபர், காலை 7.30

அப்பாடா, விடை கிடைத்துவிட்டது. ஜால்ரா! காய்கறியில் போட்ட ஜால்ரா. நன்றி சுரைக்காய்.

ஏட்டுச்சுரைக்காய் | 13 அக்டோபர், காலை 9.12

ஜால்ராதான், யார் இல்லை என்றது? உலா பாடிய புலவர்களும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் பாடினார்கள். ஆனால் ஜால்ராவில் இப்படி மூக்கைப் பேரிக்காயாக்கும் துணிச்சல் வேறு யாருக்கு இருந்தது? புகழ்ச்சியும் கிண்டலும் ஒரே முகத்தில் இருக்கிறது, முருகு முன்னும் பின்னும் நடந்து பார்த்தது போலவே.

‘ஏன் மறந்தார்கள்’ என்றீர்களே. ருடால்ஃபின் தம்பி மத்தியாஸ் ஒவ்வொரு நாடாகப் பிடுங்கிக்கொண்டார், 1612இல் ருடால்ஃப் கையில் ஒன்றும் இல்லாமல் செத்தார். என்றும் வசந்தம் அவ்வளவுதான். 1648இல் ஸ்வீடன் படை ப்ராக் அரண்மனையைச் சூறையாடி, படங்களை வண்டியில் ஏற்றிப்போனது. ‘வெர்டும்னஸ்’ இன்றைக்கும் ஸ்வீடனில் ஸ்கூக்லோஸ்டர் கோட்டையில்தான் இருக்கிறது. எதிரெதிரே மாட்ட வேண்டிய முகங்கள் ஊருக்கு ஒன்றாகச் சிதறின. 1563இல் வரைந்த மூல ‘இலையுதிர்காலம்’ கிடைக்கவே இல்லை, ‘காற்று’ படத்துக்குப் பிரதிதான் மிச்சம். ஜோடியைப் பிரித்துவிட்டு ‘இது என்ன விளையாட்டு’ என்று கேட்டால் எப்படி?

வன்னி மகள் | 13 அக்டோபர், மதியம் 1.05

சுரைக்காய் அண்ணை, ‘மண்’ படத்திலை ஒரு யானை இருக்குதே, அது அவையளுக்கு எங்காலை?

ஏட்டுச்சுரைக்காய் | 13 அக்டோபர், மாலை 6.40

நல்ல கேள்வி. போர்த்துகீசியர் ஆசியாவிலிருந்து லிஸ்பனுக்குக் கொண்டுபோன யானை ஒன்றை மாக்சிமிலியன் பரிசாகப் பெற்று 1552இல் வியன்னாவுக்குக் கூட்டிவந்தார். பெயர் சுலைமான், எதிரி சுல்தானின் பெயர்! பாவம், அடுத்த வருஷமே செத்துவிட்டது. ஆர்ச்சிம்போல்தோ வியன்னாவுக்கு வந்தது அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் கழித்து. ஆனால் அந்த ஊரே பேசிக்கொண்டிருந்த யானை அது.

அபஸ்வரம் | 14 அக்டோபர், காலை 5.55

ஒரு துணுக்கு. இவரின் நண்பர் கோமானினி 1591இல் எழுதிய நூலில், இவர் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாயல்களைப் படிப்படியாக ஸ்வரங்களுக்கு ஈடாக அமைத்ததாகவும், அரசவை இசைக்காரர் ஒருவர் அதைப் பார்த்து வாத்தியத்தில் வாசித்ததாகவும் வருகிறது. ஸ்வரஸ்தானத்துக்குச் சாயல் பிடித்த மனுஷனை அரிசியில் எழுதுகிறவரோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

மட்டுறுத்துநர் | 14 அக்டோபர், காலை 10.00

நடுவில் வந்த ‘மாடர்ன் ஆர்ட் எல்லாம் ஏமாற்று’ சண்டை (பதினொரு பதிவுகள்) தனி இழைக்கு மாற்றப்பட்டது. தொடருங்கள்.

மேரிலாண்ட் முருகு | 7 நவம்பர், இரவு 10.30

நேற்று மறுபடி போனேன், தனியாக. உங்கள் பதிவுகளையெல்லாம் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு. மாஸ்டர் சொன்ன நிழலைத் தேடினேன், வெள்ளரிக்காயின் அடிப்பக்கம் நிழல் கன்னத்துக்கு இறங்கும் இடம் தெரிந்தது. ‘கோடை’யின் கழுத்துப்பட்டியில் வைக்கோல் பின்னலோடு பின்னலாக அவர் பெயர், தோளில் 1563. முதல் தடவை இரண்டையும் பார்க்கவே இல்லை.

ஆனால் எழுத வந்தது வேறு படத்துக்காக. ‘ஒரே தலையில் நான்கு பருவங்கள்’. இந்த வருஷம்தான் கேலரியே வாங்கியிருக்கிறது. 1590 வாக்கில், ஊர் திரும்பிய பிறகு வரைந்து நண்பர் கோமானினிக்குக் கொடுத்தது. பேரரசருக்கு இல்லை. அதனால் ஜால்ரா இல்லை, நக்கீரன்.

மரக்கட்டைதான் ஆள். பட்டை வெடித்து, பொத்தல் இரண்டு கண்ணாக இருக்கிறது. மூக்கு ஒடிந்த கிளை, தாடி பாசி. மார்பில் கொஞ்சம் பூ, தோளில் கதிர், காதுக்கு இரண்டு செர்ரி, தலையில் ஆப்பிளும் திராட்சையும். மற்றத் தலைகளில் சதையே பழம். இதில் பழம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான், ஆள் முழுக்கக் கட்டை. பக்கவாட்டிலும் இல்லை, கிட்டத்தட்ட நம் பக்கம் திரும்பியிருக்கிறது. ‘குளிர்காலம்’ படத்துக் கிழவனேதான், ஆனால் இந்தக் கிழவனுக்கு யாரும் எதிரே இல்லை.

தலையிலிருந்து போகும் ஒரு கிளையில் பட்டையை உரித்து, வெள்ளை மரத்தில் பெயர் எழுதியிருக்கிறது. ஆர்ச்சிம்போல்துஸ் என்று. பையன்கள் பூங்கா மரத்தில் கத்தியால் கீறுவார்களே, அந்த மாதிரி. வரைந்தபோது அவருக்கு அறுபத்துச் சொச்சம்.

அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். முன்னும் பின்னும் நடக்கத் தோன்றவில்லை.

டிராயிங் மாஸ்டர் | 8 நவம்பர், காலை 6.05

உரித்த பட்டை எந்த நிறத்தில் இருக்கிறது முருகு? மஞ்சள் கலந்த வெள்ளையா?

மேரிலாண்ட் முருகு | 8 நவம்பர், காலை 7.48

ஆமாம் மாஸ்டர், அப்போதுதான் உரித்தது போல. நகத்தால் தொட்டால் ஈரம் ஒட்டும் என்று தோன்றியது.

நக்கீரன் பேரன் | 8 நவம்பர், இரவு 9.20

இணையத்தில் தேடினேன், தெளிவான படம் கிடைக்கவில்லை. அந்த ஒன்று மட்டும் போஸ்ட்கார்டு விற்கிறார்களா?

மேரிலாண்ட் முருகு | 8 நவம்பர், இரவு 9.31

இரண்டு வாங்கினேன். முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள்.